அரைக்கால் சட்டைப் புனிதர்

போன மாதம் நம் கோயில் மண்டபத்தில் இளையோர் பெரிய திரை கட்டிப் பந்து விளையாட்டு காட்டினார்களே, நீங்களும்தான் முன் வரிசையில் இருந்தீர்கள். கோல் போட்ட ஒருவன் புல்லில் முட்டி போட்டான், வானத்தைக் காட்டினான், ஒரு சிலுவை போட்டான். பிள்ளைகள் கத்திய கத்தலில் மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. பின்னால் இருந்த ஒரு பெண் என் தோளைப் பிடித்து உலுக்கி, “பாத்தீங்களா ஆண்ட்டி, எவ்ளோ பக்தி!” என்றாள். நான் தலையை ஆட்டி வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஓடியது வேறு. சின்ன வயதில் நாங்கள் இந்த வேகத்தில் சிலுவை போட்டிருந்தால் என் பெரியப்பா கொய்யாக் கம்பைத் தேடியிருப்பார்.

அதை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். முதியோர் கூட்டத்துப் புத்தகத்துக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் பாடாங் மேஹா பக்கம். முன்னூறு குடும்பத்தில் வேதக்காரர்கள் ஒன்பதே வீடு. வரிசை வீடுகளான லயத்துக் கோடியில் தகரம் போட்ட சின்னக் கோயில். மணி கிடையாது. தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், அதைத் தட்டுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு கூலிமிலிருந்து ஃபாதர் மோட்டார் சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் பெரியப்பாவின் ராஜ்யம். வாரநாளில் ஸ்டோரில் ரப்பர் பால் நிறுப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தும் உபதேசியார்.

பெரியப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஜெபம் எல்லாம் காதால் கேட்டு நெஞ்சில் ஏற்றியது. எங்களுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தது நீளச் சிலுவை. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பெருவிரலால் நெற்றியில் ஒரு சிலுவை, உதட்டில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. ‘அர்ச்சியசிஷ்ட சிலுவை அடையாளத்தினாலே’ என்று தொடங்கி, சத்துருக்களை எல்லாம் தாண்டி, ‘எங்களை இரட்சித்தருளும் எங்கள் சர்வேசுரா’ என்று இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிதா, சுதன் என்று பெரிய சிலுவை. ஒரு சொல்லை விழுங்கினாலும் முதலிலிருந்து. “ஆண்டவரு முன்னாடி என்னா ஈ ஓட்டுற?” என்று கம்பு முழங்காலில் விழும். நாங்கள் சிலுவை போட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

அந்த வருஷம் ரப்பர் இலை உதிர்ந்துகொண்டிருந்த மாதம். மரமெல்லாம் மொட்டை, காட்டுக்குள் எங்கே கால் வைத்தாலும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். பால் குறைவு, வேலையும் குறைவு. அதனால்தான் பள்ளி விளையாட்டுப் போட்டியை அந்த மாதத்தில் வைப்பார்கள். அப்போதுதான் ராவுத்தர் கடையிலிருந்து தஞ்சோங் டாவாய்க் கருவாடு ஒரு பொட்டலம் வந்தது.

பெரியம்மா பொட்டலத்தைப் பிரித்தார். பெரியப்பா கருவாட்டைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார். பழைய தமிழ்ப் பத்திரிகை. அதில் ஒரு படம். வெளிநாட்டு ஓட்டப்பந்தயம். கோட்டில் ஏழெட்டுப் பேர் கையை ஊன்றிக் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார், வலது கை நெற்றியில். மெல்லிய மீசை, இடது மணிக்கட்டில் வெள்ளைத் துணி. கீழே எழுதியிருந்ததில் பாதியை மீன் எண்ணெய் தின்றுவிட்டது. பெயர் இருந்த இடம் ஒரே கறை. மிச்சத்தை என்னைப் படிக்கச் சொன்னார். ஓடும் முன்பு சிலுவை போடாமல் இவர் ஒருபோதும் ஓடியதில்லை, வெற்றியெல்லாம் ஆண்டவருடையது என்று எல்லாரிடமும் சொல்கிறவர் என்று போட்டிருந்தது.

பெரியப்பா என்னை மூன்று தடவை படிக்க வைத்தார். மூன்றாம் தடவை கண் கலங்கிவிட்டது.

“லட்சம் பேரு பாக்குற எடத்துல, வெக்கப்படாம! நம்ம பிள்ளைங்க பஸ்ஸுல போடச் சொன்னா கையக் கைலிக்குள்ள மறைக்குதுங்க.”

அன்று மாலையே கரி இஸ்திரிப் பெட்டியில் அந்தக் காகிதத்தைத் தேய்த்தார். சூடு பட்டதும் கருவாட்டு வாசம் எழும்பி மூன்று வீடு தாண்டிப் போனது. மரவள்ளிக்கிழங்கு மாவில் பசை காய்ச்சி அட்டையில் ஒட்டி, பழைய காலண்டர்ச் சட்டத்தில் வைத்துக் கோயிலில் மாட்டினார். அந்தோனியாருக்குப் பக்கத்தில், ஒரு சாண் கீழே. மறுநாள் முதல் லயத்துப் பூனைகள் எல்லாம் கோயிலுக்கு வர ஆரம்பித்தன. ஜெபமாலை நேரத்தில் இரண்டு பூனை அந்தப் படத்துக்கு நேராக உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். “பாரு, வாயில்லாத ஜீவனுக்குக்கூடத் தெரியுது” என்றார் பெரியப்பா.

ஞாயிறு வந்த கிழவி ஒருத்தி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இது எந்தப் புனிதருய்யா? அரைக்கால் சட்டையோட நிக்குறாரு?” என்று கேட்டாள்.

“புனிதரு இல்ல ஆத்தா. ஓட்டக்காரரு.”

“ஓட்டக்காரரா? யாரு தொரத்துறா பாவம்?”

பெரியம்மாவுக்கு வேறு கவலை. முழங்கால் தெரியப் பெண் பிள்ளை கோயிலுக்குள் வரக் கூடாது என்று பெரியப்பா போட்ட சட்டம்தான். இந்த ஆளுக்குத் தொடை வரை தெரிகிறதே? யாரையும் கேட்காமல் ஒரு துண்டு லேஸ் துணியை மடித்துத் தைத்து, படத்தின் இடுப்புக்குக் கீழே குட்டித் திரையாகத் தொங்கவிட்டார்.

“காலை மூடிட்டா மனுஷன் எப்படிடி ஓடுவாரு?”

“கோயிலுக்குள்ள எதுக்கு ஓடணும்? நின்னு சாமி கும்புடட்டும்.”

இவ்வளவோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் ஒன்பது வீட்டில் ஓடத் தெரிந்த பிள்ளை நான் ஒருத்திதான்.

நான் வாய் திறக்காத பிள்ளை. ஆனால் கால் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலிருந்து தம்பிக்குப் பால் வாங்கி ஆறுவதற்குள் வீடு சேர்வேன். என்னோடு சரிக்குச் சரி ஓடுகிறவள் எதிர் லயத்து மாரியம்மன் கோயில் பூசாரி மகள். என் கூட்டாளி. அவளுக்கு எனக்கும் சேர்த்து வாய் உண்டு. தோட்டத்துப் பள்ளியில் முதல் இரண்டு பேராக வருகிறவர்கள் கூலிம் திடலில் மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓட வேண்டும். அங்கே முதலாவதாக வந்தால் ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து என்று வாத்தியார் சொன்னார். அதுவரை என் காலில் போட்டது காய்ந்த சேறுதான். பாதத்தை அளந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து, அந்தோனியார் சிலைக்குப் பின்னால் வைத்தேன். அளவு அவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “நீ ஓடு. ஆனா ஓட்டக்காரரு மாதிரி ஓடு. சிலுவை போட்டுட்டு ஓடு.”

“முன்னாடியே போட்டுட்டுப் போயிரவா பெரியப்பா?”

என்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். “நல்லாப் பாரு. மத்தவன்லாம் குனிஞ்சிட்டான். இவரு அப்பதான் போடுறாரு. அதான் நேரம். கை எங்க இருக்கு? நெத்தில. அப்ப இப்பதான் அர்ச்சியசிஷ்ட சொல்லுறாரு. இன்னும் உதடு இருக்கு, நெஞ்சு இருக்கு, பெருசு இருக்கு.”

அசையாத படம். கை நெற்றியில் இருக்கிறது. அது எவ்வளவு வேகத்தில் அங்கே வந்தது, எவ்வளவு வேகத்தில் இறங்கியது, யாருக்குத் தெரியும்? பெரியப்பாவுக்குத் தெரிந்த சிலுவை ஒன்றுதான். உலகத்தில் எல்லாரும் அதைத்தான் போடுவார்கள் என்று அவர் நினைத்தார்.

பள்ளித் திடலில் மூன்று சுற்று. வாத்தியார் “கெட் செட்” என்றதும் எல்லாரும் குனிந்தார்கள். நான் பெருவிரலை நெற்றிக்குக் கொண்டுபோனேன். விசில் ஊதிவிட்டார். நான் ஜெபத்தில் சத்துருக்களிடம்தான் இருந்தேன். பிள்ளைகள் திடலின் முதல் மூலையில் திரும்பும்போது ஆமென் சொன்னேன். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. “ஏய், அந்தப் பிள்ளை தூங்குதுலா!” அந்த வெட்கத்திலேயே ஓடினேன். முகத்தை யாரும் பார்ப்பதற்குள் ஓடி முடித்துவிட வேண்டும் என்று ஓடினேன். கடைசி மூலையில் பூசாரி மகளையும் தாண்டிவிட்டேன்.

பெரியப்பாவைப் பிடிக்க முடியவில்லை. “சிலுவை ஜெயிச்சிருச்சு!” என்று ஸ்டோருக்குப் பால் கொண்டுவந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கூலிமுக்குச் சைக்கிள் மிதித்துப் போய், அந்த மாதம்தான் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஃபாதரிடமும் சொல்லிவிட்டு வந்தார். ஃபாதர் தானே போட்டிக்கு வருவதாகச் சொன்னாராம்.

அந்த வாரத்தில்தான் தோட்டத்து ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியார் வந்து சொன்னார், “உங்க ஓட்டக்காரர இன்னிக்கு டிவியில காட்டுறாங்க, வாங்க.” தோட்டத்துக்கே ஒரு டிவிதான், அதுவும் அவர் வீட்டில். நாலு காலும் இழுக்கிற கதவும் வைத்த அலமாரி மாதிரி இருக்கும். பூசைக்குப் போகிறது போல ஒன்பது வீடும் குளித்துத் தலை வாரிப் போனோம். பெரியப்பா வெள்ளைச் சட்டையில் ஜெபமாலையோடு முன்னால் உட்கார்ந்தார். ஜன்னல் கம்பியில் பூசாரி மகள் தொங்கினாள்.

அதே மீசை, அதே மணிக்கட்டுத் துணி. மற்றவர்கள் குனிந்தார்கள். பெரியப்பா எழுந்து நின்றார், நாங்களும் எழுந்தோம். ஓட்டக்காரர் கையைத் தூக்கினார். நெற்றி, நெஞ்சு, தோள், தோள். முடிந்தது. கொசு அடிக்கிற நேரம்கூட இல்லை. குனிந்தார், வெடிச் சத்தம், ஓடினார்.

ஜன்னலிலிருந்து பூசாரி மகள்தான் கேட்டாள், “அவ்ளோதானா?”

கிராணியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பெரியப்பா மெல்ல உட்கார்ந்தார். “டிவிக்காரன் படத்த வேகமா ஓட்டி வுட்டுட்டான். அடுத்து நியூஸ் இருக்குல்ல.”

பெரியம்மா கேட்டார், “அப்ப மத்தவனுங்களும் வேகமா குனிஞ்சிருக்கணுமே?”

“நீ சும்மா இருலா.”

ஓட்டம் முடிந்தது. ஓட்டக்காரர் நாலாவதாக வந்தார்.

பெரியப்பா துள்ளி எழுந்தார். “பாத்தியா? பாத்தியா? அரகொறையாப் போட்டாரு, நாலாவதா வந்தாரு! உதடு எங்க போச்சு? சத்துருக்கள் எங்க போச்சு?”

“இப்பதான டிவி வேகம்னீங்க?” என்று பெரியம்மா கேட்டார். பெரியப்பா ஜெபமாலையைச் சுருட்டிப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். செம்மண் பாதை, இருபக்கமும் மொட்டை மரம். முன்னால் போன பெரியப்பாவின் முழங்கை ஒரு தடவை வெடுக்கென்று அசைந்தது. நெற்றி, நெஞ்சு, தோள், தோள். போட்டுப் பார்த்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று திரும்பினார். நான் இலையைப் பார்த்து நடந்தேன். டிவி வேகமாக ஓடவில்லை என்று அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அந்த ஒன்றை விட்டுவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று பயந்திருப்பார். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சப்பாத்து போய்விடுமே என்றுதான் தோன்றியது.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பூசாரி மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். “ஏய், அந்த ஆளு இப்டித்தான்டி போட்டாரு. டக்கு டக்கு டக்கு டக்கு. நீ என்னமோ தலைக்கு எண்ண தேய்க்குற மாதிரி தேய்க்குற.” குடத்தை வைத்துவிட்டுப் போட்டுக் காட்டினாள். ஓட்டக்காரரே தோற்றுவிடுவார், அவ்வளவு அழகு. நானும் பழகினேன். கூலிமில் இப்படித்தான் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அங்கே மற்றத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் நெட்டைக் கால். நீளச் சிலுவை போட்டால் பிடிக்க முடியாது.

லோரியில் ஏறிக் கூலிம் போனோம். பெரிய திடல், சுண்ணாம்புக் கோடு. மேசையில் பரிசு வைத்திருந்தார்கள். வெள்ளைச் சப்பாத்து, வெயில் பட்டுக் கண் கூசியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஃபாதர் வெள்ளை அங்கியில் நின்றார், அவர் பக்கத்தில் பெரியப்பா.

“கெட் செட்.”

எல்லாரும் குனிந்தார்கள். டக்கென்று போடத்தான் கையைத் தூக்கினேன். அப்போது பெரியப்பாவைப் பார்த்துவிட்டேன். அவரும் பெருவிரலை நெற்றியில் வைத்து நின்றார். என்னையே பார்த்துக்கொண்டு, எனக்காகக் காத்து. உதடு அசைந்தது. ‘அர்ச்சியசிஷ்ட…’

அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவரை நெற்றியிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் ஓட எனக்கு முடியவில்லை.

பக்கத்துக் கோட்டில் பூசாரி மகள் டக்கு டக்கு என்று ஒரு சிலுவை போட்டாள். விசில். ஓடிவிட்டாள். நானும் பெரியப்பாவும் நெற்றி முடித்து உதட்டுக்கு வந்தோம். கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபாதர் கத்துவது கேட்டது. “ஓடு பிள்ளே! ஏய் ஓடு! விசில் ஊதியாச்சு!” நாங்கள் நெஞ்சுக்கு வந்தோம். ஃபாதர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். நாங்கள் ஆமென் சொன்னோம்.

பிறகு ஓடினேன். ஒவ்வொரு நெட்டைக் காலாகத் தாண்டினேன். கடைசியில் எனக்கு முன்னால் ஒரே ஒரு முதுகு, அது பூசாரி மகளுடையது. கை நீட்டினால் சடையைப் பிடிக்கலாம், அவ்வளவு கிட்டம். ‘எங்களை இரட்சித்தருளும்’ என்ற ஒரு சொல் அளவுக்குத் தோற்றேன். இரண்டாவது பரிசு பூப் போட்ட சோப்புப் பெட்டி.

ஃபாதர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். என்னிடம் வரவில்லை. நேராகப் பூசாரி மகளிடம் போய்த் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். தன் பையிலிருந்து நீலமணி ஜெபமாலை ஒன்றை எடுத்து அவள் கழுத்தில் போட்டார்.

“எவ்வளவு அழகா ஒரு சிலுவை போட்டுட்டு ஓடிச்சு! உபதேசியாரே, இது எந்த வீட்டுப் பிள்ளை?”

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியே மாரியம்மன் கோயில் பூசாரி, நெற்றி நிறையத் திருநீறோடு, மகளைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

“நம்ம… தோட்டத்துப் பிள்ளைதான் ஃபாதர்.”

“நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க.” பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார், “அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காதா? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

லோரியில் திரும்பும்போது பூசாரி மகள் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். காலில் வெள்ளைச் சப்பாத்து. அவளுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஜெபமாலையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

“இந்தா. உனக்குத்தானே வேணும்.”

எனக்கு வேண்டியது அவள் காலில் இருந்தது. அதைச் சொல்கிற வாய் எனக்கு இல்லை. வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனபோது லேஸ் திரை ஒரு பக்கமாக ஒதுக்கி ஆணியில் செருகியிருந்தது. ஓட்டக்காரரின் கால் இரண்டும் முழுசாகத் தெரிந்தன. ஒரு பொடிப் பயல் ஈ ஓட்டுகிற மாதிரி சிலுவை போட்டான். நாங்கள் எல்லாரும் கொய்யாக் கம்பைப் பார்த்தோம். கம்பு அசையவில்லை. ஜெபம் முடிந்ததும் பெரியப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அந்தோனியாருக்குப் பின்னாலிருந்து என் ஈர்க்குச்சியை எடுத்துக் கையில் வைத்து உருட்டினார்.

“பாத அளவா?”

தலையை ஆட்டினேன்.

“நீ அன்னிக்கு டக்குன்னு போட்டுருக்கலாம்” என்றார். பிறகு, “அடுத்த தடவ ஒண்ணு செய்யி. வீட்டுலயே முழுசாப் போட்டுட்டு வந்துரு. அங்க வந்து ஓடுனா மட்டும் போதும். ஆண்டவருக்கு ஞாபகம் இருக்கும்.”

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அந்த வருஷத்தோடு பள்ளி முடிந்தது. மறுவருஷம் இலை உதிரும்போது நான் அம்மாவோடு காட்டில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு துடைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டக்காரரைக் கரையான் தின்றுவிட்டது. முதலில் மீன் எண்ணெய் பட்ட இடத்தைத்தான் தின்றது என்று பெரியம்மா சொல்வார். சப்பாத்தும் பூசாரி மகளுக்கு இரண்டு விரல் பெரிசு, பஞ்சு வைத்துப் போட்டாள். என் ஈர்க்குச்சிக்கு அளந்து பார்த்தேன், எனக்கும் பெரிசுதான். அது ஓர் ஆறுதல்.

அவள் இப்போது சுங்கைப்பட்டாணியில் மகள் வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஆத்தா கோயில். ஆனால் டிவியில் பெனால்டி என்றால் டக்கு டக்கு என்று சிலுவை போடுவது அவள்தான் என்று பேரப்பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீலமணி ஜெபமாலை என்னிடம் இருக்கிறது. நம் கூட்டத்தில் நான் உருட்டுவது அதுதான்.

பெரியப்பா சொன்னபடியே இன்றைக்கும் நான் வீட்டிலேயே முழுசாகப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். நெற்றி, உதடு, நெஞ்சு, சத்துருக்கள் எல்லாரும். போன வாரம் கூட்டத்துக்கு ஏன் தாமதம் என்று கேட்டீர்களே, நான் பதில் சொல்லாமல் நின்றேனே. பஸ் வாசலில் வந்து ஹார்ன் அடித்தபோது நான் சர்வேசுராவில் இருந்தேன். இந்த வயதில் பின்னாலேயே ஓடிப் பிடிக்கவா முடியும்?